300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறறதுக்கு முன்னாடி உங்க வீட்டுச் சுவரை ஒரு தடவை பாருங்க



போன வீடியோவுல மாசாமாசம் சத்தமில்லாம போற செலவுகளைப் பத்திப் பேசினப்போ, இன்டர்நெட் பில்லை ஒரே வரியில தாண்டிட்டேன். அது தப்பு. இந்த ஒரு விஷயத்துல, ஊருக்கே பட்ஜெட் போட்டுக் கொடுக்கிற நானே எட்டு மாசம் பணத்தை வீணாக்கியிருக்கேன். யாரும் என்னை ஏமாத்தல. நானாவே போய் ஏமாந்தேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வீடு பெருசு, சுவர் தடிமன், பின் ரூம்ல வைஃபை வரலன்னா, அதுக்கு ஸ்பீடு அதிகமான பிளானுக்கு மாறறது தீர்வு இல்ல. ஒரே ஒரு தடவை செலவு பண்ணி முடிக்க வேண்டிய விஷயத்துக்கு, மாசாமாசம் பணம் கட்டிக்கிட்டே இருக்கீங்க, பிரச்சினையும் அப்படியே இருக்குது. கடன் வாங்கி வட்டி மட்டும் கட்டிக்கிட்டு அசலைத் தொடாம இருக்கறவங்களை நாம திட்டுவோம் இல்லையா, அந்தக் கதைதான்.

எங்க வீடு நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவுல இருக்கு. எங்க அப்பாரு கட்டின தொட்டிக்கட்டு வீடு. முன்னாடி திண்ணை, ரோட்டைப் பார்த்த ஒரு ரூம், நடுவுல தொட்டி, சுத்தியும் தாழ்வாரம், அதை ஒட்டி ரூம்கள், கடைசியில சமையக்கட்டு, அப்புறம் பொடக்காளி. சேலம், நாமக்கல் பக்கம் கருங்கல்லுக்கு என்னைக்கும் பஞ்சம் இல்ல. அதனால பழைய வீடுகள்ல கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமா ஒன்றரை அடிச் சுவர் சாதாரணம். சித்திரை வெயில்ல கரன்ட் போனாலும் உள்ள உக்கார முடியுதுன்னா அந்தச் சுவராலதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி, எந்த ஜன்னல் தெருவுக்குப் பக்கமோ அந்த ஜன்னல் வழியா ஒயரை உள்ள விட்டு, ஈபி மீட்டர் பக்கத்துலயே ரூட்டரை மாட்டிட்டுப் போயிட்டார். பெரும்பாலான வீட்ல இப்படித்தான் நடக்குது. ஒயரு மிச்சம், அவருக்கு அடுத்த வீட்டு வேலையும் இருக்கு. என் மனைவி பெங்களூர் கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்து வேலை செய்யறாங்க. ரோட்டுல லாரி சத்தம் தாங்காதுன்னு பின் ரூம்ல டேபிள் போட்டிருந்தாங்க. ரூட்டருக்கும் அந்த டேபிளுக்கும் நடுவுல மூணு சுவர்.

ஒரு மாசத்துல மூணாவது தடவையா க்ளையன்ட் கால் பாதியில கட் ஆனப்போ மேனேஜர் பொறுமையாத்தான் சொன்னார்: "நெட் செட் ஆகலன்னா நீங்க ஆபீஸுக்கே வந்துடுங்க." எங்களுக்கு அதோட அர்த்தம் பெங்களூர்ல மாசம் 28,000 ரூபாய் வாடகை, அதுக்கு மேல அட்வான்ஸ். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்ச வருஷம் அது. அவரைத் தனியா விட்டுட்டுப் போற பேச்சுக்கே இடமில்ல. அன்னைக்கு ராத்திரியே கஸ்டமர் கேருக்கு போன் போட்டு 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினேன். பயத்துல எடுத்த முடிவு. பயத்துல வாங்கின இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரியே இதுவும் ஆச்சு.

ஏன் வேலை செய்யலன்னு கணக்குப் பாஷையிலயே சொல்றேன். ஒரு சுவர், தன் மேல படுற சிக்னல்ல பத்துல ஒரு பங்கை மட்டும் வெளிய விடுதுன்னு வச்சுக்கோங்க. இன்ஜினியருங்க இதை 10 டெசிபல் இழப்புன்னு சொல்லுவாங்க. ஒன்றரை அடிக் கல் சுவருக்கு இது ஒண்ணும் மிகையான கணக்கு இல்ல. முதல் சுவரைத் தாண்டினா மிச்சம் 10 சதவீதம். ரெண்டாவதைத் தாண்டினா 1 சதவீதம். மூணாவதைத் தாண்டினா 0.1 சதவீதம். ஒவ்வொரு சுவரும் 90 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுட்டு, ரீஃபண்டும் கிடையாதுன்னு சொல்ற மாதிரி. சிக்னல் நேரா போகாம 45 டிகிரி சாய்வா போச்சுன்னா, 18 அங்குலச் சுவருக்குள்ள கிட்டத்தட்ட 25 அங்குலம் போயாகணும். நடுவுல ஒரு இரும்பு பீரோ நின்னுச்சுன்னா கேக்கவே வேண்டாம்.

இப்ப யோசிங்க. பிளானை 300 ஆக்கினா, தெருவுல இருந்து ரூட்டர் வரைக்கும் வர்ற குழாய்தான் பெருசாகும். ரூட்டர்ல இருந்து பின் ரூமுக்குப் போற ரேடியோ அலை அதேதான், சுவரும் அதேதான். அதுவும் வேகமா இருக்குன்னு நாம தேடிப் போற 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸை விட சுவர்ல இன்னும் சீக்கிரம் செத்துப்போகும்.

அது மட்டுமில்ல, உண்மையில நமக்கு எவ்வளவு வேகம் வேணும்? ஹெச்டி வீடியோ கால் ஒண்ணுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தா தாராளம். 4கே படம் பார்க்க நெட்ஃப்ளிக்ஸ் கேக்கறதே 15 எம்பிபிஎஸ்தான். நாலு பேர் இருக்கற வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல என்ன பண்ணாலும் 100 எம்பிபிஎஸ் காலியாகறது கஷ்டம். பின் ரூம்ல கால் கட் ஆனது 100 போதாம இல்ல. அந்த 100ல அங்க 3 கூட வந்து சேராததால.

இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும். லேப்டாப்பை ஒரு லேன் கேபிள்ல ரூட்டர்ல நேரடியா மாட்டி ஸ்பீடு டெஸ்ட் பண்ணுங்க. பிளான்ல சொன்ன வேகம் வந்தா, கம்பெனி மேல தப்பில்ல. அப்புறம் பிரச்சினை இருக்கற ரூம்ல போய் வைஃபையில அதே டெஸ்ட். இங்க 95, அங்க 4ன்னு வந்தா, நீங்க சண்டை போட வேண்டியது கஸ்டமர் கேரோட இல்ல, சுவரோட. ஆண்ட்ராய்டு போன்ல வைஃபை அனலைசர் மாதிரி இலவச ஆப் போட்டா சிக்னலை மைனஸ் நம்பர்ல காட்டும். மைனஸ் 50 பக்கத்துல இருந்தா அருமை. வீடியோ காலுக்கு மைனஸ் 67க்குக் கீழ போகாம இருக்கணும். எங்க பின் ரூம்ல மைனஸ் 83.

இந்தப் பத்து நிமிஷ டெஸ்டை நான் எட்டு மாசம் கழிச்சுத்தான் பண்ணேன். அதுக்குள்ள ஆன செலவு இது. பிளான் வித்தியாசம் மாசம் 800 ரூபாய், அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 944. எட்டு மாசத்துக்கு 7,552. ஆன்லைன்ல ஒரு வைஃபை எக்ஸ்டெண்டர் 1,900. அதுவும் சரிப்படலன்னு ஆறு ஆன்டெனா வச்ச பெரிய ரூட்டர் 4,200. மொத்தம் 13,652 ரூபாய்.

எக்ஸ்டெண்டரைப் பத்தி ஒரு வார்த்தை. அதை எங்க வைப்பீங்க? சிக்னல் வராத ரூம்லதானே? நானும் அங்கதான் வச்சேன். வராத சிக்னலை அது எப்படிப் பெருக்கும்? பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம். பாதி வழியில, சிக்னல் நல்லா இருக்கற இடத்துல வச்சாத்தான் வேலை செய்யும். அப்படி வச்சாலும், வாங்கற அதே ரேடியோவுல திருப்பி அனுப்புற விலை குறைஞ்ச ரகமா இருந்தா வேகம் ஏறக்குறைய பாதியாயிடும். மெஷ் வைஃபைன்னு இப்ப விக்கறதும், பெட்டிகளுக்கு நடுவுல ஒயர் போடாம விட்டா, நம்ம சுவருக்கு முன்னாடி இதே பாடுதான் படும்.

ஆறு ஆன்டெனா ரூட்டர் கதை இன்னும் வேடிக்கை. பெட்டி மேல இத்தனை சதுர அடி கவரேஜ்னு போட்டிருப்பாங்க. அமெரிக்காவுல நிறைய வீடுகளோட உள்சுவர், மரச்சட்டத்துல ஜிப்சம் பலகை அடிச்சது. அந்த மாதிரி வீட்டுக்குப் பொருந்தற கணக்கை நம்ம கல் வீட்டுக்குப் போட முடியாது. இன்னொரு விஷயம், வைஃபைங்கறது ஒருவழிப் பேச்சு இல்ல. ரூட்டர் கத்தினா மட்டும் போதாது, உங்க போன் சொல்ற பதிலும் மூணு சுவரைத் தாண்டித் திரும்பி வரணும். போன்ல இருக்கறது குட்டி ஆன்டெனா. ரூட்டர்ல ஆறு இல்ல, பதினாறு வச்சாலும் போனோட குரல் அவ்வளவுதான்.

சரி, தீர்வு என்ன? ஒயர். கேட்6 லேன் கேபிள் ஒண்ணை ரூட்டர்ல இருந்து பின் ரூம் வரைக்கும் இழுத்து, அங்க இன்னொரு ரூட்டரை வைக்கறது. அவ்வளவுதான். லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் வேகம் குறையாம கொண்டுபோகும். நம்ம வீடு எவ்வளவு பெருசா இருந்தாலும் அதுக்குள்ள அடங்கிடும்.

எங்க வீட்ல இதுக்குத் தடையா இருந்தது டெக்னாலஜி இல்ல, அப்பா. "செவுத்த மட்டும் நோண்டாத சாமி. உங்க அப்பாரு கட்டினது, ஒரு விரிசல் விழுந்தா ஊரைக் கூட்டினாலும் அந்த மாதிரி பூச ஆள் கிடைக்காது"ன்னார். அவர் சொல்றதும் சரிதான். சுண்ணாம்புச் சாந்துச் சுவர்ல ஹாமர் ட்ரில் போட்டா, மறுபக்கம் தட்டு தட்டா உதிரும். அதனாலதான் நான் இத்தனை நாள் ஒயர் இல்லாத வழியாத் தேடி பணத்தைக் கொட்டினேன்னு கூடச் சொல்லலாம்.

கடைசியில வழி கண்டுபிடிச்சது வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன்தான். "அந்தக் காலத்து டிவி ஆன்டெனா ஒயரு எப்படிங்க உள்ள வந்துச்சு?"ன்னு கேட்டார். தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழ, சுவர் முடியற இடத்துல ஒரு ஓட்டை, அதுக்குள்ள அறுந்துபோன ஆன்டெனா ஒயர் இன்னும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பின் ரூமுக்கு ஜன்னல் கட்டை ஓரத்துல, ஒரு காலத்துல லேண்ட்லைன் எக்ஸ்டென்ஷன் போன சந்து. ரெண்டும் ஏற்கெனவே இருக்கு. ஒரு புது ஓட்டை கூடப் போடாம, தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி பிவிசி பைப்புல கேபிள் போயிடுச்சு. 30 மீட்டர் கேபிள் மீட்டர் 28 ரூபாய்னு 840. பைப், கிளிப், கனெக்டர் 310. அண்ணனுக்குக் கூலி 900. பின் ரூம்ல வச்சது புதுசு வாங்கினதும் மூலையில போட்டு வச்ச எங்க பழைய ரூட்டர், அதுக்குச் செலவு இல்ல. மொத்தம் 2,050 ரூபாய். ஒரு முழு நாள் வேலை கூட இல்ல.

உங்க வீட்லயும் இந்த மாதிரி ஓட்டை கண்டிப்பா எங்கயாவது இருக்கும். கேபிள் டிவி ஒயர், பழைய டெலிபோன் ஒயர், ஏசி பைப், எக்ஸாஸ்ட் ஃபேன் இடம். ட்ரில்லை எடுக்கறதுக்கு முன்னாடி அதைத் தேடுங்க.

நீங்களே செய்யறதா இருந்தா சில விஷயம். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பான்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்து மேல செம்பு பூசினதை சிசிஏன்னு பாதி விலைக்குத் தருவாங்க, வேண்டாம். கரன்ட் ஒயர் போற பைப்புக்குள்ளயே இதையும் சொருகாதீங்க, தனிப் பைப்பா போடுங்க. ரெண்டாவது ரூட்டர்ல ஆக்சஸ் பாயின்ட் மோடுன்னு இருந்தா அதைப் போட்டாப் போதும். இல்லன்னா அதுக்கு மெயின் ரூட்டர் உபயோகிக்காத ஒரு ஐபி முகவரி கொடுத்து, டிஹெச்சிபியை ஆஃப் பண்ணி, கேபிளை வான் போர்ட்ல மாட்டாம லேன் போர்ட்ல மாட்டுங்க. ரெண்டு ரூட்டருக்கும் ஒரே வைஃபை பேரு, ஒரே பாஸ்வேர்டு வச்சா நீங்க நடக்க நடக்க போன் தானா மாறிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு சேனல் 1ன்னா இன்னொண்ணு 6 இல்ல 11. ரூட்டர் தின்னற கரன்ட் பத்திப் பயப்படாதீங்க. 10 வாட்ஸ் வச்சா வருஷம் முழுக்க 88 யூனிட். யூனிட் 7 ரூபாய்னு போட்டாலும் வருஷத்துக்கு 620 ரூபாய்க்குள்ள. ஆனா இன்வெர்ட்டர் இல்லாத வீடா இருந்தா, கரன்ட் போகும்போது ரெண்டு பெட்டியும் சேர்ந்து உயிரோட இருக்கணும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

ஒரு எச்சரிக்கை. கோழிப் பண்ணை, தறிக் கொட்டாய்னு வீட்டை விட்டுத் தள்ளி இருக்கற கட்டடத்துக்கும் இதே லேன் கேபிளை வெட்டவெளியில இழுத்துடலாம்னு நினைக்காதீங்க. கோடை மழையில இடி மின்னல் பக்கத்துல எங்க இறங்கினாலும் செம்பு ஒயர் வழியா ரெண்டு பக்கத்து பெட்டியும் போயிடும். அதுக்கு ஃபைபரும் ரெண்டு மீடியா கன்வெர்ட்டரும்தான் சரி. கண்ணாடி இழையில கரன்ட் பாயாது.

வாடகை வீட்ல இருக்கீங்களா? ஓட்டை போட வேண்டாம். கதவு இடுக்குல நுழையற தட்டை கேபிள் கிடைக்குது, சுவரோரமா ஒட்டி விடுங்க. காலி பண்ணும்போது சுருட்டி எடுத்துக்கிட்டுப் போகலாம். கட்டின பில்லை அப்படி எடுத்துக்கிட்டுப் போக முடியாது. இல்ல, ஹோம் லோன் போட்டு ஊர்ல அப்பா அம்மாவுக்கு வீடு கட்டறீங்களா? சுவர் பூசறதுக்கு முன்னாடி கன்சீல்டு பைப் போடும்போதே ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு காலி பைப் தனியா போடச் சொல்லுங்க. ஒரு கதவுக் கைப்பிடிக்குச் செலவு பண்றதுல அது முடிஞ்சுடும். பூசினதுக்கு அப்புறம்னா, என் நிலைமை.

வரி விஷயம் கேக்காம விடமாட்டீங்க. சம்பளக்காரங்க ரூட்டர் பில்லையோ கேபிள் பில்லையோ வருமானத்துல இருந்து கழிக்க முடியாது. உங்களுக்கு உள்ளது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் மட்டும்தான், புது முறையில 75,000, பழைய முறையில 50,000. ஆனா உங்க கம்பெனி இன்டர்நெட்டுக்குப் பணம் தருதுன்னா அது எந்த வடிவத்துல வருதுன்னு சம்பள ஸ்லிப்பைப் பாருங்க. பில் கொடுத்து வாங்கற ரீஇம்பர்ஸ்மென்ட் வேற, பில் கேக்காம மாசாமாசம் சம்பளத்தோட வர்ற அலவன்ஸ் வேற. ரெண்டாவது முழுசா வரிக்கு உட்பட்டது. கம்பெனிக்காரங்க சில பேர் பில் உங்க பேர்லதான் இருக்கணும்பாங்க. கனெக்‌ஷன் இன்னும் அப்பா பேர்லயே இருந்தா ஹெச்ஆர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அப்ப பெரிய பிளான் யாருக்குமே வேண்டாமான்னு கேட்டா, அப்படியும் சொல்லல. ரூட்டர்ல ஒயர் மாட்டிப் பார்த்தும், வீட்ல எல்லாரும் உபயோகிக்கிற நேரத்துல முழு வேகமும் தீர்ந்துபோகுதுன்னா மாறுங்க. தினமும் பெரிய பெரிய வீடியோ ஃபைல் அப்லோட் பண்றவங்களுக்கு வேணும், எங்க சேனல் எடிட்டருக்கு அது இல்லாம ஆகாது. அப்பவும் ஒரு மாசத்துக்குப் போட்டுப் பாருங்க. தள்ளுபடி தர்றாங்கன்னு முதல் நாளே ஒரு வருஷப் பணத்தைக் கட்டாதீங்க.

கேபிள் போட்ட அன்னைக்குச் சாயந்தரம் பின் ரூம்ல டெஸ்ட் பண்ணினா 94 காட்டுச்சு. 300 பிளான்ல 94தானான்னு ஒரு நிமிஷம் திக்குன்னு ஆச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்தப் பழைய ரூட்டரோட போர்ட்டே 100 எம்பிபிஎஸ் ரகம், அதுக்கு மேல போகாது. கிகாபிட் போர்ட் உள்ள ரூட்டர் ஒண்ணு வாங்கலாமான்னு ஆன்லைன்ல பார்த்து கார்ட்ல கூடப் போட்டேன். மனைவி மறுநாள் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அஞ்சு கால் பேசி முடிச்சுட்டு, "ஏங்க, இன்னைக்கு ஒரு தடவை கூட நிக்கலைங்க"ன்னாங்க. கார்ட்டைக் காலி பண்ணிட்டு கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன், பழையபடி 100 பிளானுக்கே மாத்துங்கன்னு. அந்தப் பக்கம் இருந்த பொண்ணு, சேவையில ஏதாவது குறையா சார்னு கேட்டுச்சு. இல்லம்மா, ஒயர் போட்டாச்சுன்னேன்.